கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

ஊர் வரலாறு எழுதச் சேர்த்த கோப்புகளில் ‘சங்கரன்கோவில்’ என்று கிரெப்பில் தேடினேன். 1973இல் யூனிக்ஸில் கென் தாம்சன் தந்த கருவி. பொருந்தும் வரிகளை மட்டும் எடுத்துக் கொடுக்கும். நானே தட்டச்சு செய்த வரிகூட வரலை!

காரணம் ‘கோ’. யுனிகோடில் அதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. கிரெப்புக்கு ரெண்டும் வேற வேற.

எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றியதும் வரிகள் வந்தன. ஆனாலும் பிரிட்டிஷ் காலத்து வரி ஒன்றுகூட இல்லை. அப்போது ஊரைப் பற்றி யாரும் எழுதலைன்னு முடிவு கட்டியிருப்பேன். பழைய பெயர் ஞாபகம் வந்தது: சங்கரநயினார்கோயில். அதைத் தேடினேன். அந்த வருவாய்ப் பதிவுகளில் எங்க ஊர் ஒரு தாலுகாவாகவே இருந்தது.

கருவி காலியாகத் திரும்பினால் ‘இல்லை’ என்று எழுத இப்போதெல்லாம் கை கூசுகிறது.