கார்ட் மெஷின் எடுக்கப் போகிறீர்களா? வீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

மட்டக்களப்பில் சிறு வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். கடை முதலாளிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "எந்த வங்கியிட கார்ட் மெஷின் எடுத்தா நல்லம்?" என்பதுதான். அதற்கு ஒரு வங்கியின் பெயரை நான் பதிலாகச் சொல்வதில்லை. காத்தான்குடிப் புடவைக் கடைக்குப் பொருந்துவது கல்லடிப் பலசரக்குக் கடைக்குப் பொருந்தாது. வாவியில் பிடிபடும் இறாலையும் நண்டையும் வாங்கி விற்பவரின் கணக்கு வேறு, பாசிக்குடாவில் விடுதி நடத்துபவரின் கணக்கு வேறு.

நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்விகள். உங்கள் இலாபம் நூற்றுக்கு எவ்வளவு? விற்ற காசு எப்போது கைக்கு வர வேண்டும்? உங்களிடம் வாங்குபவர் யார்? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும்.

கழிவு எங்கே போகிறது?

வாடிக்கையாளர் அட்டையை மெஷினில் வைத்ததும், மெஷின் தந்த வங்கி விசா அல்லது மாஸ்டர்கார்ட் வலையமைப்பு வழியாக, அட்டை கொடுத்த வங்கியிடம் அனுமதி கேட்கிறது. அனுமதி கிடைத்தால் பில் வெளிவரும். உங்கள் கணக்குக்கு முழுத்தொகை வராது, ஒரு கழிவு போய்தான் மிச்சம் வரும். அந்தக் கழிவில் அட்டை கொடுத்த வங்கிக்கும், வலையமைப்புக்கும், மெஷின் தந்த வங்கிக்கும் பங்குண்டு. அதனால்தான் உள்ளூர் அட்டைக்கு ஒரு வீதமும் வெளிநாட்டு அட்டைக்கு அதைவிடக் கூடிய வீதமும் சொல்லப்படலாம். விளம்பரத்தில் இருக்கும் ஒற்றை இலக்கத்தை நம்பாமல், ஒவ்வொரு வகை அட்டைக்கும் என்ன வீதம் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒரே கழிவு, இரண்டு கடைகள்

கழிவு 2.5 வீதம் என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் விற்பனைக்கு 250 ரூபாய் போகும். புடவைக் கடையில் நூற்றுக்கு 25 இலாபம் என்றால், அந்த விற்பனையில் கிடைக்கும் 2,500 ரூபாயில் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. பலசரக்குக் கடையில் அரிசி, சீனி, பால்மாவுக்கு நூற்றுக்கு 5 இலாபம் என்றால், கிடைப்பதே 500 ரூபாய். அதில் சரிபாதி போய்விடும்.

இந்த இடத்தில்தான் பலர் "கார்ட் என்றால் 3 வீதம் கூட" என்று மேசையில் எழுதி ஒட்டுகிறார்கள். இது கூடாது. அட்டையில் செலுத்துபவரிடம் கழிவை மேலதிகமாக அறவிட வியாபாரிக்கு உரிமை இல்லை என்று இலங்கை மத்திய வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மெஷினுக்காக நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தமும் அதையே சொல்கிறது. வாடிக்கையாளர் தன் அட்டையைத் தந்த வங்கியிடம் முறையிட்டால் சிக்கல் உங்களுக்குத்தான். கழிவைத் தாங்க முடியாத வியாபாரம் என்றால், மெஷின் எடுக்காமல் இருப்பதும் ஒரு சரியான முடிவே.

காசு வரும் நாள்

எங்கள் ஊரில் மொத்த வியாபாரிக்குப் பெரும்பாலும் திகதி போட்ட காசோலைதான் கொடுக்கிறோம். கடை நிறைய விற்பனை நடந்தும் காசோலை திரும்பி வரலாம். சித்திரைப் புத்தாண்டுக்கும் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முன் விற்பனை உச்சத்தில் இருக்கும். அதே நாட்களில் வங்கி விடுமுறையும் வரும். வியாழன் இரவு அட்டையில் விற்றது, வெள்ளி போயா என்றால், திங்கள் அல்லது செவ்வாய்தான் கணக்குக்கு வரக்கூடும். திங்கட்கிழமைக்கு எழுதிய காசோலை அதற்கு முன் வங்கிக்குப் போய்விடும்.

ஆகவே, காசு எத்தனை வேலை நாளில் வரும், சனி ஞாயிறு கணக்கில் சேருமா என்று முதலில் கேளுங்கள். வைப்புக் கணக்கை அந்த வங்கியிலேயே வைத்திருந்தால் விரைவாக வருமா என்றும் கேளுங்கள். விடியற்காலையில் கரையில் காசு கொடுத்து மீன் எடுப்பவருக்கு, அரை வீதம் குறைவான கழிவைவிட ஒருநாள் முந்தி வரும் காசு பெறுமதியானது.

கியூஆர் போதுமா?

2018ஆம் ஆண்டு மத்திய வங்கி லங்கா கியூஆர் என்ற பொதுத் தரத்தை அறிமுகப்படுத்தியது. எந்த வங்கியின் செயலியாக இருந்தாலும் ஒரே கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து செலுத்தலாம். மெஷின் வாடகை இல்லை. கழிவும் கடனட்டையை விடக் குறைவு. இலாபம் குறைந்த கடைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியாவின் யூபிஐ சேவையும் இலங்கையில் தொடங்கப்பட்டிருப்பதால், இந்தியச் சுற்றுலாப் பயணியும் தன் கைத்தொலைபேசியிலேயே செலுத்த வழி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷொட்டை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள். உங்கள் தொலைபேசிக்கு வங்கியின் குறுந்தகவல் வந்ததா என்று பாருங்கள். மேசையில் ஒட்டிய கியூஆரின் மேல் வேறொன்றை யாரும் ஒட்டவில்லையா என்றும் காலையில் கடை திறக்கும்போது ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் இல்லாத இடம்

மெஷினுக்குள்ளும் ஒரு சிம்தான் இருக்கிறது. படுவான்கரைப் பக்கம், வவுணதீவிலோ கொக்கட்டிச்சோலையிலோ கடை என்றால், உங்கள் கடைக்குள் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாக வருகிறது என்று பார்த்து, அந்தச் சிம் போட்ட மெஷினைக் கேளுங்கள். வைஃபையிலும் இயங்குமா என்றும் கேளுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மெஷினின் பற்றரி எத்தனை மணித்தியாலம் தாங்கும், பழுதானால் மாற்று மெஷின் எங்கிருந்து வரும் என்பவை முக்கியம். மட்டக்களப்புக் கிளையிலிருந்து வருவதற்கும் கொழும்பிலிருந்து வருவதற்கும் வித்தியாசம் பெரிது.

விடுதியும் இணைய விற்பனையும்

பாசிக்குடாவில் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. மாரி மாதங்களில் அறைகள் வெறுமையாகக் கிடக்கும். மெஷினுக்கு மாத வாடகையோ, மாதத்துக்கு இவ்வளவு விற்க வேண்டும் என்ற நிபந்தனையோ இருந்தால், பருவமில்லாத மாதங்களையும் சேர்த்து வருடக் கணக்காகப் பாருங்கள். வெளிநாட்டு அட்டைகளே அதிகம் வருவதால், உங்களுக்கு முக்கியம் வெளிநாட்டு அட்டைக்கான வீதம்தான்.

கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் இங்குள்ள அம்மாவின் பிறந்தநாளுக்கு கேக் அனுப்பச் சொல்வது இப்போது சாதாரணம். பேபால் மூலம் இலங்கையில் பணம் பெற முடியாத நிலை நீண்டகாலம் இருந்ததால், இப்படியான வியாபாரிகள் வங்கிகளின் இணையக் கட்டண வாசலையோ, பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற உள்ளூர் சேவைகளையோ நாடுகிறார்கள். இங்கே ஆபத்து கழிவில் இல்லை, சர்ச்சையில் இருக்கிறது. அட்டைக்காரர் "இதை நான் வாங்கவில்லை" என்று தன் வங்கியில் முறையிட்டால், உங்களுக்கு வந்த காசு திரும்ப எடுக்கப்படும். விசா விதிகளில் இதற்குப் பெரும்பாலும் 120 நாள் வரை அவகாசம் உண்டு. கேக் சாப்பிட்டு முடிந்து நாலு மாதத்துக்குப் பிறகும் முறைப்பாடு வரலாம்.

எனவே ஒருதடவைக் கடவுச்சொல் கேட்கும் பாதுகாப்பு முறையை எப்போதும் வைத்திருங்கள். பொருளைப் பெற்றவரின் கையெழுத்து, திகதி, வட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் குறைந்தது ஆறு மாதம் சேமியுங்கள். அட்டை இலக்கத்தை வட்ஸ்அப்பில் வாங்கி நீங்களே அடிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

கையெழுத்திட முன்

குறைந்தது இரண்டு வங்கிகளிடம் இந்த ஏழு விடயங்களையும் எழுத்தில் கேளுங்கள்:

1. உள்நாட்டு, வெளிநாட்டு அட்டைகளுக்குத் தனித்தனியான கழிவு
2. மாத வாடகை, வைப்புப் பணம், குறைந்தபட்ச விற்பனை நிபந்தனை
3. காசு வரும் வேலை நாட்கள்
4. ஒப்பந்தக் காலம், இடையில் நிறுத்தினால் கட்டணம்
5. சர்ச்சை வந்தால் பதில் தரும் கால அவகாசம், அதற்கான கட்டணம்
6. மெஷின் பழுதானால் யாரைக் கூப்பிடுவது, தமிழில் கதைக்க ஆள் உண்டா
7. வீதத்தை மாற்றினால் எத்தனை நாள் முன்னறிவித்தல்

பிறகு உங்கள் கடந்த மூன்று மாத விற்பனையை எடுத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு அட்டையில் வந்திருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போடுங்கள். அந்தத் தொகையை உங்கள் இலாபத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாங்கினால் எடுங்கள். தாங்காவிட்டால் கியூஆரோடு தொடங்குங்கள்.

வங்கியோடு பிரச்சினை வந்தால் முதலில் கிளைக்கு எழுத்தில் முறையிட்டு, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.