பெயர் மாறிய பேராசிரியர்

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் கெர்மானிஸ்டிக் என்று ஒரு துறை உண்டு. ஜெர்மன் மொழி, இலக்கியம், அவற்றின் வழியாக அந்த மக்களின் பண்பாடு, இதெல்லாம் அதில் பாடம். ஜெர்மனி என்று ஒரே நாடே இல்லாத காலத்தில் வளர்ந்த படிப்பு என்பதால், "நாம் யார்?" என்ற கேள்வி அதன் ரத்தத்திலேயே உண்டு. நாஜிகளுக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. 1933 மே மாதம் பான் நகரில் புத்தகங்களை எரித்தபோது பேசியவர்களில் ஒருவர் ஹான்ஸ் நௌமான், அங்கேயே கெர்மானிஸ்டிக் பேராசிரியர்!

ஆனால் என்னைத் தூங்கவிடாத கதை இன்னொருவருடையது. ஹான்ஸ் எர்ன்ஸ்ட் ஷ்னைடர் எஸ்.எஸ். அதிகாரி. "முன்னோர் மரபை" ஆராய ஹிம்லர் வளர்த்த ஆனன்எர்பெ அமைப்பின் ஆள். ஜெர்மனி பிடித்துவைத்திருந்த நெதர்லாந்தில் அதற்காக வேலை பார்த்தவர்.

1945இல் ஷ்னைடர் "செத்துப்போனார்". நம்ம தொழில் பாஷையில் சொன்னால், பழைய அக்கவுண்டை அழித்துவிட்டு ஹான்ஸ் ஷ்வெர்டே என்று புதிதாக லாகின் செய்தார். ஷ்னைடரின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு சொந்த மனைவியையே மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். எர்லாங்கனில் புதுப் பெயரில் டாக்டர் பட்டம். 1965இல் ஆஹென் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், 1970 முதல் 1973 வரை அதன் தலைவர். பிறகு நெதர்லாந்து, பெல்ஜியப் பல்கலைக்கழகங்களோடு உறவை வளர்க்கும் அரசுப் பொறுப்பு வேறு. நெதர்லாந்து!

1962இல் வந்த அவருடைய முக்கியமான புத்தகம் ஃபவுஸ்ட் பற்றியது. கதேயின் நாயகன் பெயரை வைத்து "ஃபவுஸ்ட் குணம்" என்ற சொல்லை ஜெர்மன் தேசியவாதம் எப்படிக் கொள்கையாக்கிக்கொண்டது என்று துருவிப் பார்க்கும் ஆய்வு. இதை எழுதியது ஷ்னைடரா, ஷ்வெர்டேயா?

அவர் நிஜமாகவே மாறிவிட்டார் என்று வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. 1960களில் மாணவர்கள் "அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று பேராசிரியர்களைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். இலக்கியமும் பண்பாடும் எப்படி ஆயுதமாகின என்று உள்ளே இருந்து பார்த்தவராகப் பதில் சொல்லியிருக்கலாம். ஐம்பது வருஷம் வாயே திறக்கவில்லை. 1995இல் டச்சுத் தொலைக்காட்சிக்காரர்கள் நெருங்கிய பிறகுதான் தானே போய் ஒப்புக்கொண்டார். பேராசிரியர் பட்டம், ஓய்வூதியம், 1983இல் தந்த அரசு விருது, எல்லாம் போயின. 1999இல் இறந்தார். ஃபவுஸ்ட் புத்தகத்தின் அட்டையில் இன்னும் ஷ்வெர்டே என்றுதான் இருக்கிறது.