வயற்கரி

சிட்னிக்கு வடக்கே கடலோரமாக இருக்கும் சிற்றூர் டெரிகல். மரத்தையும் பயிர்க்கழிவையும் கரியாக்கி மண்ணில் இட்டு வளம் கூட்டும் முறையைப் பற்றிய முதல் பன்னாட்டு மாநாடு 2007இல் அங்கேதான் நடந்தது. அந்தக் கரிக்கு அப்போது 'அக்ரிசார்' என்று பெயர். மாநாட்டுக்குப் பின்னால் இருந்த பன்னாட்டு அமைப்பும் முந்தைய ஆண்டு அதே பெயரில்தான் தொடங்கியிருந்தது. ஆனால் அக்ரிசார் என்பது ஒரு நிறுவனம் பதிவு செய்துவைத்திருந்த வணிகப் பெயர். உலகத்து உழவர்களுக்கெல்லாம் பொதுவான பொருளை ஒருவருக்கு உரிமையான பெயரால் அழைப்பது சரியாகாது என்பதால் 'பயோசார்' நிலைத்தது. இந்தப் பொருளில் அந்தச் சொல்லை 2005 வாக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று நியூசிலாந்தின் மாஸே பல்கலைக்கழகப் பொருளியலாளர் பீட்டர் ரீடைக் குறிப்பிடுவார்கள்.

'பயோ' என்பது உயிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'சார்' என்பது சார்கோல் என்னும் பழைய சொல்லின் தலைப்பகுதி. எரிக்கும் கரியிலிருந்து மண்ணில் இடும் கரியைப் பிரித்துக் காட்டவே இரண்டையும் ஒட்டினார்கள்.

பெயர் புதிது; பொருள் மிகப் பழையது. அமேசான் காட்டில் மனிதர் உண்டாக்கிய கரிய மண்ணைப் போர்த்துகீசிய மொழியில் 'டெர்ரா ப்ரெட்டா' என்பார்கள். கறுப்பு மண் என்று பொருள். ஆஸ்திரேலியாவின் மர்ரி ஆற்றங்கரையிலும் பூர்வகுடி மக்களின் அடுப்பு மேடுகளில் கரி செறிந்த மண் கிடைத்தது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு அதற்கு 'டெர்ரா ப்ரெட்டா ஆஸ்திராலிஸ்' என்று பெயரிட்டது. அங்கிருந்த கரி பல நூறு ஆண்டுப் பழமை கொண்டது. தமிழில் கரி என்ற சொல்லுக்குச் சாட்சி என்ற பொருளும் உண்டு. அந்த மேடுகளில் கரி இரண்டு பொருளிலும் கிடக்கிறது.

நம் கரிசலை இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது. கரிசல் என்ற சொல் நிறத்தைச் சொல்கிறது. அந்தக் கறுப்பு, களிமண்ணும் மட்கும் பிணைந்ததால் வந்தது. யாரும் கரி இட்டு வந்ததல்ல.

தமிழில் பயோசாரை 'உயிர்க்கரி' என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. உயிர் உரம் என்றால் உயிருள்ள நுண்ணுயிர்கள் கலந்த உரம் என்று உழவர்கள் அறிவார்கள். உயிர்க்கரி என்றதும் அதையே எதிர்பார்ப்பார்கள். காற்றை மட்டுப்படுத்தி, 350 முதல் 700 பாகை வரை சூடாக்கி எடுக்கும் கரியில் உயிர் ஏது? அதன் நுண்துளைகள் நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். நுண்ணுயிர்கள் பிறகு வந்து குடியேறும். கரியோடு வரும் சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைக்கும்.

அதனால்தான் எந்த மண் என்பது முக்கியமாகிறது. நியூ சவுத் வேல்ஸ் ஆய்வாளர்கள் காகித ஆலைக் கழிவிலிருந்து எடுத்த கரியை இரண்டு வகை மண்ணில் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். புளிப்புச் செம்மண்ணில் உரத்தோடு இட்டபோது கோதுமை செழித்தது. சுண்ணாம்பு மண்ணில் அதே கோதுமை குன்றியது. உலகளாவிய சோதனைகளைத் திரட்டிய 2017ஆம் ஆண்டு ஆய்வு, வெப்பமண்டலத்தில் சராசரியாக 25 விழுக்காடு விளைச்சல் கூடியது என்றும், மிதவெப்ப நாடுகளில் அப்படிக் கூடவில்லை என்றும் சொன்னது.

பெயரோ வயலை விட்டும் போய்விட்டது. மெல்பர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தார் காப்பிச் சக்கையை 350 பாகையில் கரியாக்கி, கான்கிரீட்டில் மணலின் 15 விழுக்காட்டுக்கு ஈடாகச் சேர்த்தபோது வலிமை சுமார் 30 விழுக்காடு கூடியது என்று 2023இல் அறிவித்தார்கள். அதுவும் பயோசார்தான். நல்ல வேலைதான், ஆனால் மண்ணுக்கு என்று பிரித்து வைத்த பெயர் அங்கே பொருளிழந்து நிற்கிறது.

அடுப்புக்கு ஆவது அடுப்புக்கரி. வயலுக்கு ஆவதை வயற்கரி என்போம். கைவிடப்பட்ட 'அக்ரிசார்' என்ற பெயரின் பொருளும் அதுவே. தமிழில் அதற்கு யாரும் உரிமை கோரவில்லை. சிட்னியிலும் மெல்பர்னிலும் வீட்டுத் தோட்டம் போடும் தமிழர்களுக்கும் ஒரு வார்த்தை: கரியை மட்கிய எருவில் ஊறவைத்த பிறகே இடுங்கள், வெறும் கரி தழைச்சத்தைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதற்கும் முன்பு, உங்கள் மண் புளிப்பா காரமா என்று சோதித்துப் பாருங்கள்.