வரியா, காப்பீடா? பெசன்ட் நகரை முன்வைத்துப் பொது மருத்துவ நிதி குறித்து

பெசன்ட் நகர் இராஜாஜி பவனில் பணிபுரியும் மத்திய அரசு ஊழியருக்கு சி.ஜி.எச்.எஸ். எனப்படும் மத்திய அரசு சுகாதாரத் திட்டம் உண்டு. ஓய்வு பெற்றவரும் அதில் தொடரலாம். 1954இல் டெல்லியில் தொடங்கிய அத்திட்டத்தில் ஊதிய நிலைக்கேற்பச் சந்தா பிடிக்கிறார்கள். பெரும்பங்கை அரசு ஏற்கிறது. மருத்துவர் ஆலோசனை, மாதாந்தர மாத்திரை, பரிசோதனை, மருத்துவமனைச் சேர்க்கை எல்லாம் அதில் அடங்கும். அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள ஊரூர் குப்பத்தில் ஒரு மீனவக் குடும்பத்திடம் இருப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை. அது ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கிறது. ஆனால் பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கு, பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்த பிறகு. சர்க்கரை நோய்க்கு ஆயுள் முழுக்க விழுங்கும் மாத்திரைக்கு அந்த அட்டை செல்லாது.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக அறிமுகமாகி, 2012இல் இன்றைய பெயர் பெற்ற இத்திட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. இதய அறுவைக்கு நகையை அடகு வைக்காமல் பிழைத்தவர்கள் உண்டு. சிகிச்சை அளிக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் அதன் தொகை போய்ச் சேர்கிறது. ஆயினும், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுத்த பிறகே பணம் தரத் தொடங்கும் ஏற்பாட்டை மருத்துவ நிதியின் மையமாக வைக்க முடியாது. ஏழைக் குடும்பத்தின் கைப்பணம் மாதந்தோறும் கரைவது மருந்துக்கடையிலும் இரத்தப் பரிசோதனை நிலையத்திலும்தான்.

மாற்று வழியும் இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் நிறுவிய வி.எச்.எஸ். (வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ்) மருத்துவ அமைப்பு, நலமாக இருக்கும்போதே குடும்பங்கள் வருமானத்துக்கேற்ற ஆண்டுச் சந்தா செலுத்தும் முறையைக் கொண்டுவந்தது. நோய் வந்தபின் கட்டணம் கேட்பதைவிட இது அறம் மிக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விருப்பச் சந்தா எதுவாயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு: நோயுள்ளவர் விரைந்து சேர்வார், நலமானவர் தள்ளிப்போடுவார். எல்லோரையும் உள்ளடக்கும் சந்தா வரி ஒன்றே. கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவரும் தீப்பெட்டி வாங்கும்போது அதைச் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறார்.

வரிப்பணம் மருத்துவத்தில் வீணாகும் என்போருக்குத் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மூலப்பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் சேர்த்தது. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்குத் தேவையான மருந்தை அது எடுத்துக்கொள்ளும். பிற மாநிலங்கள் இம்முறையைப் பின்பற்றின. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டு வாசல் வரை கொண்டுசென்றதற்கும் அரசின் கொள்முதல் வலிமையே அடித்தளம்.

வரிப்பணத்தில் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையம் ஏழைகளுக்கான இடமாகச் சுருங்கியதும் ஒரு குறை. அடுக்குமாடிக் குடியிருப்பினரும் அங்கே சீட்டு வாங்கிக் காத்திருந்தால், மருந்து இல்லாத நாளில் கேள்வி கேட்கும் குரல்கள் பெருகும். அரிய, செலவு மிக்க சிகிச்சைக்குக் காப்பீடு இருக்கட்டும். ஆனால் அதன் பிரீமியத்தை உயர்த்துவதற்கு முன், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருந்தகமும் ஆய்வகமும் மாலை நேரப் புறநோயாளிப் பிரிவும் நிறைவாக இயங்கத் தேவையான தொகையை அரசு முதலில் ஒதுக்க வேண்டும்.