போருக்குப் பிந்தைய ஏ-9: இலங்கை வடபகுதிச் சுற்றுலாவின் வரலாறு குறித்து

இலங்கைச் சுற்றுலாவின் வரலாற்றைப் பயணிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் எழுதுவது எளிது. 1982இல் நான்கு இலட்சத்தைக் கடந்திருந்த வெளிநாட்டுப் பயணிகளின் வருகை, 1983 ஜூலை வன்முறைக்குப் பின் சரிந்தது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் தந்த ஏற்றமும் நிலைக்கவில்லை. போர் முடிந்த 2009இல் 4,47,890 பேரே வந்தனர். மறு ஆண்டில் இத்தொகை 6,54,476 ஆக உயர்ந்தது.

இக்கணக்கில் இடம்பெறாதோர் உள்நாட்டுப் பயணிகள். 2006 ஆகஸ்டில் மூடப்பட்ட ஏ-9 நெடுஞ்சாலை, போருக்குப் பின் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதும் தெற்கிலிருந்து சிங்கள மக்கள் பேருந்துகளில் பெருந்திரளாக யாழ்ப்பாணம் வந்தனர். வெளிநாட்டவர் வடக்கே செல்ல 2011 வரை பாதுகாப்பு அமைச்சின் அனுமதி தேவைப்பட்ட காலம் அது. உள்நாட்டவருள் பலருக்கு நயினாதீவு நாகவிகாரை வழிபாடே பயணத்தின் நோக்கம். ஆயினும் வழிபாடும் போர்க்களக் காட்சியும் ஒரே பயணத்துக்குள் கலந்துவிட்டன. போர்க்களச் சுற்றுலா என்னும் ஒற்றைப் பெயர் இக்கலப்பை மறைத்துவிடுகிறது.

வழியில் எவை காட்டப்பட்டன என்பதே முதன்மையான வினா. கிளிநொச்சியில் வீழ்ந்து கிடந்த நீர்த்தாங்கி காட்சிப்பொருளாயிற்று. அருகே நினைவுப்பொருள் கடையும் தோன்றியது. ஆனையிறவில், 1991 சமரில் விடுதலைப் புலிகள் கவசமிட்டுக் கொணர்ந்த மண்தள்ளும் இயந்திரமும் அதைத் தடுத்து மாண்ட காமினி குலரத்னவின் நினைவுச் சின்னமும் சாலையோரத்திலேயே அமைந்தன. புலிகளின் மாவீரர் துயிலும் இல்லங்களோ இடித்து அகற்றப்பட்டன; கோப்பாயில் அந்நிலத்தின் மீதே படைத் தலைமையகம் எழுந்தது. பிள்ளைகளைப் புதைத்த இடத்தில் விளக்கேற்றப் பெற்றோருக்கு வழியில்லாதபோது, வென்றோரின் நினைவிடங்களுக்குப் பயணிகள் தடையின்றிச் சென்றனர். இதனைத் தற்செயல் எனக் கொள்வதற்கில்லை.

எனினும், காட்சிப்படுத்தியவற்றையும் அரசு முழுமையாகத் தன்வயப்படுத்த இயலவில்லை போலும். புதுக்குடியிருப்பில் பிரபாகரனின் நிலவறை இல்லத்தைக் காண மக்கள் திரண்டனர். வெறுப்பினால் வந்தோர் யார், வியப்பினால் வந்தோர் யார் என்று பிரித்தறிதல் அரிது. 2013 அக்டோபரில் இராணுவம் அதனை வெடிவைத்துத் தகர்த்தது.

விடுதிகளின் வரலாறும் இதனோடு சேர்த்து ஆராயத்தக்கது. காங்கேசன்துறைக் கடற்கரையில் உயர்பாதுகாப்பு வலயத்தினுள் ‘தல்செவன’ விடுதியை இராணுவமே நடத்தியது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுட் பல, அவ்விடுதியில் பயணிகள் தங்கத் தொடங்கிய பின்னரும் அகதி முகாம்களிலேயே வாழ்ந்துவந்தன.