நான்கு பொற்கோடுகளும் ஒரு சோடிச் சப்பாத்தும்: விமானி சீருடையின் வரலாறு

விமானி என்றதும் முதலில் உடைதான் எம் மனக்கண்ணில் தோன்றும். கருநீல மேலங்கி, கைமுனையில் நான்கு பொற்கோடுகள், வெள்ளைச் சேட், கறுப்பு ரை, மினுக்கிய கறுப்புச் சப்பாத்து. உலகின் எந்த விமான நிலையத்தில் நின்றாலும் இந்த உடையை எம்மால் அடையாளம் காண முடிகிறது. ஆனால் இதற்கு ஏறக்குறைய எமது சங்கத்தின் வயதுதான். யார், எதற்காக இதைத் தெரிவு செய்தார்கள்? அந்த உடைக்குள் பெண்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்? வெள்ளைச் சட்டையும் ரையும் அணிந்து வளர்ந்து, இன்று பல நாடுகளில் பல சீருடைகளில் பணிபுரியும் எமக்கு இந்த வரலாறு அந்நியமானதன்று.

ஆரம்பகால விமானங்களில் விமானி திறந்த வெளியிலேயே இருந்தார். குளிர்காற்றும் இயந்திரத்திலிருந்து தெறிக்கும் எண்ணெயும் நேரே முகத்தில் அடித்தன. எனவே தோல் மேலங்கி, காதை மூடும் தொப்பி, கண்ணாடிக் கவசம், கம்பளி வைத்த நீள் சப்பாத்து என்பன தேவையின் பேரில் வந்தன. அழகும் அந்தஸ்தும் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டவை.

பெண்கள் தமது உடையைத் தாமே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 1911இல் ஐக்கிய அமெரிக்காவில் விமானி உரிமம் பெற்ற முதற் பெண்ணான ஹரியட் குவிம்பி, கத்தரிப்பூ நிறச் சாட்டின் துணியில் தலைமூடியுடன் கூடிய பறப்புடை ஒன்றை அணிந்தார். நீண்ட பாவாடை அணிந்து விமானத்தில் ஏறி இறங்குவது அக்காலத்தில் உயிராபத்தான செயல். எமது பக்கத்திலோ கதை வேறு. 1936இல், 21 வயதில், சர்லா தக்ரால் என்ற இந்தியப் பெண் சேலை உடுத்தபடியே ஜிப்சி மொத் விமானத்தைத் தனியே ஓட்டி உரிமம் பெற்றார். சேலையோடு எதையும் செய்யலாம் என்று எமது அம்மம்மாக்கள் சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்று நாம் காணும் சீருடை 1930களின் தொடக்கத்தில் உருவானது. 1927இல் தொடங்கப்பட்ட பான் அமெரிக்கன் விமான நிறுவனம், நீரில் இறங்கும் பெரிய பறக்கும் படகுகளை 1931இல் சேவையில் ஈடுபடுத்தியது. அவற்றுக்குப் பழைய பாய்க்கப்பல்களின் நினைவாகக் ‘கிளிப்பர்’ என்று பெயரிட்டது. விமானியைக் ‘கப்டன்’ என்று அழைத்தது. தோல் மேலங்கியைக் கழற்றுவித்து, கடற்படை அதிகாரியின் கருநீல உடையையும் வெள்ளைத் தொப்பியையும் அணிவித்தது. பதவியைக் காட்டும் கோடுகளும் கடலிலிருந்தே வந்தன. கப்டனுக்கு நான்கு, துணை விமானிக்கு மூன்று என்பது இன்று பெரும்பாலான நிறுவனங்களில் வழக்கம்.

இதற்கான காரணம் எளிமையானது. மக்கள் பறப்பதற்கு அஞ்சினார்கள். கப்பலில் ஏற அவர்களுக்கு அவ்வளவு பயமில்லை. பல நூற்றாண்டுகளாகக் கப்பற் கப்டனின் உடைமீது வைத்திருந்த நம்பிக்கையை அந்த நிறுவனம் விமானத்துக்குக் கடன் வாங்கியது.

அதே காலத்தில் பயணிகள் பகுதியிலும் இதே கடன் வாங்கல் நடந்தது. எலன் சேர்ச் என்ற பெண் பதிவு பெற்ற தாதி. விமானம் ஓட்டவும் கற்றிருந்தார். விமானியாக வேலை கேட்டுச் சென்ற அவரை நிறுவனம் அப்பதவியில் ஏற்கவில்லை. தாதியர் உடன் வந்தால் பயணிகளின் பயம் தணியும் என்று அவர் சொன்ன யோசனையை மட்டும் ஏற்றுக்கொண்டது. 1930 மே 15ஆந் திகதி உலகின் முதலாவது விமானப் பணிப்பெண்ணாக அவர் பறந்தார். முன்னே கடற்படையின் உடை, பின்னே மருத்துவத் துறையின் ஆள். இரண்டும் அந்நியர் மனதில் நம்பிக்கையை உண்டாக்கும் ஏற்பாடுகள். ஓட்டத் தெரிந்த பெண்ணுக்குக் கிடைத்தது பின்பகுதி.

இதற்குப் பின்னும் முன்பகுதிக் கதவு இலகுவில் திறக்கவில்லை. 1934இன் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் சென்ட்ரல் எயர்லைன்ஸ் ஹெலன் ரிச்சி என்ற பெண்ணை விமானியாகச் சேர்த்தது. விமானிகள் சங்கம் அவரை ஏற்கவில்லை. காலநிலை நன்றாக இருக்கும்போது மட்டும் பறக்க விடுமாறு அதிகாரிகள் சொன்னார்கள். அடுத்த வருடமே அவர் விலகினார். இரண்டாம் உலகப் போரின்போது, பிரித்தானியாவில் புதிய விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து படைத்தளங்களுக்கு ஓட்டிச் செல்ல 1940 ஜனவரியில் முதல் எட்டுப் பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கும் கருநீலச் சீருடையும் பொன்னிறச் சிறகுச் சின்னமும் கிடைத்தன. ஆனால் நீளக் காற்சட்டை பறக்கும்போது மட்டுமே. தரையில் பாவாடைதான் என்பது விதி. ஸ்பிற்பயரை ஓட்டி இறங்கியவர் உணவகத்துக்குச் செல்லுமுன் உடை மாற்ற வேண்டும்!

அறுபதுகளிலும் எழுபதுகளிலும்தான் நிலைமை மெல்ல மாறியது. இந்தியன் எயர்லைன்ஸில் 1966இல் துர்பா பானர்ஜி விமானியானார். ஸ்கண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ்.இல் 1969இல் நோர்வேயின் தூரி விதெரோ பறக்கத் தொடங்கினார். அமெரிக்காவில் எமிலி ஹோவெல் வோர்னர் பல வருடங்கள் பறப்புப் பயிற்றுநராக இருந்தார். அவரிடம் கற்ற ஆண்கள் விமான நிறுவனங்களில் வேலை பெற்றுச் செல்ல, அவர் விண்ணப்பித்துக்கொண்டே இருந்தார். ஒருவாறு 1973 பெப்ரவரி 6ஆந் திகதி ஃப்ரொன்டியர் நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தில் டென்வரிலிருந்து லாஸ் வேகாஸுக்குப் பறந்தார். மூன்று வருடங்களில் கப்டனுமானார். விதெரோவின் சீருடையும் வோர்னரின் சீருடையும் இன்று வோஷிங்டனிலுள்ள தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன. விமானங்களுக்கான அருங்காட்சியகம் இரு பெண்களின் உடுப்பைப் பத்திரப்படுத்தியதற்குக் காரணம் உண்டு. அந்த உடை அதுவரை ஆணின் தோளுக்கும் ஆணின் இடுப்புக்கும் அளவெடுத்து வெட்டப்பட்டு வந்தது.

இனி, வைத்தியராகப் பணிபுரியும் நாம் எமது கண்ணோட்டத்தில் சிலவற்றைச் சொல்ல வேண்டும். விமானியாக விரும்பும் பிள்ளை ஒருத்தி உடையையும் சப்பாத்தையும் தெரிவு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது என் வேலைக்கு உதவுமா?

முதலில் சப்பாத்து. விமானியின் கால்கள் சும்மா இருப்பதில்லை. காலடியிலுள்ள மிதிகளால் சுக்கான் இயங்குகிறது. பெரும்பாலான பயணிகள் விமானங்களில் அதே மிதிகளின் மேற்பகுதியைப் பாதவிரல்களால் அழுத்தினால் சில்லுகளின் பிறேக் பிடிக்கிறது. சப்பாத்தின் அடி தடித்திருந்தால் மிதியின் அழுத்தம் பாதத்துக்குத் தெரியாது. குதி உயர்ந்திருந்தால் பாதத்தின் கோணமே மாறிவிடும். பறப்புக்கு முன் விமானத்தைச் சுற்றி நடந்து பரிசோதிக்க வேண்டும். மழையில் நனைந்த தரையிலும் இரும்புப் படிகளிலும் வழுக்கக் கூடாது. ஆகவே தாழ்ந்த குதி, வழுக்காத மெல்லிய அடி, பாதத்தை இறுக்கிப் பிடிக்கும் தோல், தொங்காத நாடா. உள்ளே உருக்கு வைத்த சப்பாத்தென்றால் பாதுகாப்புச் சோதனையில் ஒவ்வொரு நாளும் கழற்ற வேண்டி வரலாம்.

அடுத்தது துணி. தீக்காய நோயாளரைப் பராமரித்தவர்களுக்கு இது தெரியும். நைலோனும் பொலியெஸ்ரரும் வெப்பத்தில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், காயம் ஆழமாகும். பருத்தி எரியும், ஆனால் உருகாது. கம்பளி இலகுவில் தீப்பற்றாது. ஐக்கிய அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் பயணிகளுக்கே இயற்கை இழைத் துணிகளை அணியுமாறும், குதி உயர்ந்த சப்பாத்தைத் தவிர்க்குமாறும் அறிவுரை கூறுகிறது. நாள்தோறும் பறப்பவர் குறைந்தபட்சம் உள்ளாடையையும் காலுறையையுமாவது பருத்தியில் தெரிவு செய்வது நல்லது. துணிக்கு ஏற்றப்படும் இரசாயனங்களையும் மறக்க முடியாது. அலாஸ்கா எயர்லைன்ஸ் 2011இல் புதிய சீருடை வழங்கியபின் பணியாளர் பலருக்குத் தோல் எரிச்சலும் சுவாசத் தொல்லையும் ஏற்பட்டன. ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் அத்தரவுகளை ஆராய்ந்து, சீருடை மாறியபின் இவ்வறிகுறிகள் கூடியதைக் காட்டினார்கள்.

மூன்றாவது, நீண்ட இருப்பு. நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் பயணிப்போருக்குக் கால் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இருமடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் கூறியது. அப்படிக் கூடினாலும் தனியொருவருக்கான ஆபத்துச் சிறியதே. என்றாலும் இடுப்பையும் முழங்காலின் பின்புறத்தையும் இறுக்கும் காற்சட்டை எவருக்கும் உகந்ததன்று. கறுப்புக் கண்ணாடியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சாரதிகள் விரும்பும் போலரைஸ்ட் கண்ணாடி விமானிக்கு ஆகாது. கருவித் திரைகளின் எழுத்துகள் அதனூடாக மங்கும் அல்லது மறையும்.

இவ்வளவும் சொல்லும்போது ஒரே விமானத்தின் இரு பகுதிகளையும் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. முன்னே விமானியின் உடையை வேலை தீர்மானிக்க, பின்னே பணிப்பெண்ணின் உடையை நெடுங்காலம் பார்ப்பவர் கண் தீர்மானித்தது. அவசர நேரத்தில் பயணிகளை வெளியேற்றுவது அப்பெண்ணின் கடமையாக இருந்தும், குதி உயர்ந்த சப்பாத்து விதியாக இருந்தது. நோர்வீஜியன் நிறுவனத்தில் தட்டைச் சப்பாத்து அணிய விரும்பும் பணிப்பெண் வைத்தியச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2019இல் வெளியுலகத்துக்குத் தெரியவந்து கண்டனத்துக்குள்ளானது. நல்ல சப்பாத்து அணிவதற்கு வைத்தியரின் கையொப்பம்! ஜப்பான் எயர்லைன்ஸ் 2020இல் குதிச் சப்பாத்துக் கட்டாயத்தை நீக்கியது. உக்ரேனின் ஸ்கைஅப் 2021இல் பணிப்பெண்களுக்குக் காற்சட்டையும் விளையாட்டுச் சப்பாத்தும் கொடுத்தது. வானம் இடிந்து விழவில்லை.

மரபைக் கைவிட்டால் மதிப்புப் போய்விடும் என்ற பயம் எமது தொழிலிலும் இருந்தது. வெள்ளைக் கோட்டும் ரையும் வைத்தியரின் அடையாளம். நோயாளிக்கு நோயாளி கிருமி காவக்கூடும் என்று கருதி, 2007இல் இங்கிலாந்தின் சுகாதாரத் திணைக்களம் முழங்கைக்குக் கீழ் துணி இருக்கக் கூடாது என்ற நடைமுறையைக் கொண்டுவந்தது. கோட்டும் ரையும் அங்கே வார்டுகளிலிருந்து போயின. நோயாளர் வைத்தியரை நம்புவதை நிறுத்தவில்லை. நம்பிக்கையைத் தொடக்கிவைக்க உடை உதவும். அதைக் காப்பாற்றுவது வேலைதான்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யாழ்ப்பாணத்தில் படித்த எமது தலைமுறைக்கு விமானம் ஒரு பயங்கரம். சத்தத்தை வைத்தே பொம்பரா, ஹெலியா, சகடையா என்று சொல்லுவோம். சொல்லி முடிக்குமுன் பங்கருக்குள் இருப்போம். சீருடை அணிந்து அதை ஓட்டும் தொழில் ஒன்று உண்டு, அதற்கு நாமும் போகலாம் என்ற எண்ணமே எம்மில் எவருக்கும் எழவில்லை. வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர் என்பதோடு எமது கனவுப் பட்டியல் முடிந்தது. இத்தனைக்கும் எயர் சிலோனின் முதற் பயணிகள் சேவை 1947 டிசெம்பர் 10ஆந் திகதி இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குச் சென்றது. எங்கள் வாசலால் போன பாதை அது. போர் அதை மூடியது. 2019 ஒக்டோபர் 17ஆந் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இன்று எமது கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

அவர்களில் ஒருத்தி அந்த நான்கு கோடுகளை அணிய விரும்பக்கூடும். அதற்குப் பணமும் கணிதமும் ஆங்கிலமும் தைரியமும் வேண்டும். அதற்கு முன், அவள் ஒவ்வொரு நாளும் பாடசாலைக்கு வர வேண்டும். கடந்த சில வருடப் பொருளாதார நெருக்கடியில் சப்பாத்தின் விலை எவ்வளவு ஏறியது என்பது இங்குள்ள தாய்மாருக்குத் தெரியும். பெருவிரல் மடங்கிய சப்பாத்தோடும், குதியில் புண்ணோடும் எமது சிகிச்சை நிலையத்துக்கு வரும் மாணவிகளைப் பார்க்கிறோம். சப்பாத்துப் பிய்ந்ததால் பாடசாலைக்குப் போகாமல் நின்ற பிள்ளையையும் பார்த்திருக்கிறோம்.

எமது சீருடை எமக்குப் பெருமை. பணக்கார வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் ஒரே வாங்கில் ஒன்றாகத் தெரியச் செய்தது அதுதான். அந்த நோக்கம் கெடாமல் இருக்க, துணி வெயிலுக்கு ஏற்றதா, சப்பாத்து வளரும் பாதத்துக்கு அளவானதா, பெற்றோரால் வாங்கக் கூடியதா என்று நூற்றாண்டு காணும் நாமும் இடைக்கிடை கேட்க வேண்டும். மண்டபங்களுக்கும் நுழைவாயில்களுக்கும் உலகெங்கிலுமிருந்து மனமுவந்து கொடுக்கும் எமது பழைய மாணவிகள், வருடா வருடம் காலளவு எடுத்துச் சப்பாத்து வாங்கிக்கொடுக்கும் சிறு நிதியொன்றையும் இந்த ஆண்டில் ஆரம்பித்தால் நன்று. கல்வெட்டில் பெயர் பொறிக்க அதில் இடமிராது. பிள்ளை நொண்டாமல் நடந்து வகுப்புக்கு வருவாள். அங்கிருந்து எங்கே போவது என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.