புளியரை தாண்டினால் வேறு பதிவேடு - நர்ஸ்கள் கடல் கடந்த கதை

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு எட்டு கிலோமீட்டர்தான். பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கி, கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்டு வாங்குவதற்குள் ஊர் வந்துவிடும். ஆனால் 1956 நவம்பர் 1-க்கு முன்னால் அந்த எட்டு கிலோமீட்டருக்குள் ஒரு எல்லைக்கோடு இருந்தது. தென்காசியும் குற்றாலமும் சென்னை ராஜ்ஜியம். செங்கோட்டை திருவிதாங்கூர்.

சென்னை மாகாணத்தில் நர்ஸ்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் 1926-இல் ஒரு சட்டம் வந்தது. பயிற்சி பெற்றவர்களின் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும், அதற்கு ஒரு கவுன்சில் வேண்டும் என்பது சட்டத்தின் சாரம். அந்தக் காலத்தில் தென்காசியில் ஒரு நர்ஸ் இருந்து, அவர் பெயர் அந்தப் பதிவேட்டிலும் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் எட்டு கிலோமீட்டர் மேற்கே போனால் அந்தச் சட்டம் செல்லாது. அது வேறு ராஜாவின் ஊர்!

இன்றைக்கு ராஜாவும் இல்லை, சமஸ்தானமும் இல்லை. எல்லை புளியரைக்குப் போய்விட்டது. ஆனால் தமிழ்நாட்டில் பதிந்த நர்ஸ் புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டிப் புனலூரிலோ கொல்லத்திலோ வேலைக்குச் சேர வேண்டுமென்றால் கேரள கவுன்சிலிலும் பதிய வேண்டும். பக்கத்து மாநிலத்துக்கே இப்படி என்றால் லண்டனுக்கும் பெர்லினுக்கும் எப்படி இருக்கும்?

நம் வகுப்பிலேயே பலருக்கு அக்காவோ சித்தியோ நர்ஸாக இருப்பார்கள். "அக்கா ஓஇடி எழுதுறா", "ஜெர்மன் கிளாஸ் போறா" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பரீட்சைகளுக்குப் பின்னால் நூறு வருட வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

பதிவேடு எங்கிருந்து வந்தது?

நர்ஸ்களைப் பதிவு செய்ய உலகிலேயே முதலில் தனிச் சட்டம் போட்ட நாடு நியூசிலாந்து. வருடம் 1901. எலன் டோஹர்ட்டி என்பவர் 1902 ஜனவரியில் முதல் நர்ஸாகப் பதியப்பட்டார். பிரிட்டனில் இது லேசில் நடக்கவில்லை. எதல் கார்டன் ஃபென்விக் என்ற அம்மையார் சுமார் முப்பது வருடம் போராடினார். அவரை எதிர்த்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சாட்சாத் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல்! நல்ல நர்ஸுக்கு வேண்டிய குணத்தைப் பரீட்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர் கட்சி. கடைசியில் 1919-இல் சட்டம் வந்தது. பதிவேட்டின் முதல் எண் ஃபென்விக்குக்கே கிடைத்தது.

பதிவேடு எதற்கு? அதற்கு முன்னால் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்ட யாரும் "நான் நர்ஸ்" என்று சொல்லிக்கொள்ளலாம். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு எது நிஜம், எது போலி என்று எப்படித் தெரியும்? ஆகவே பதிவேடு என்பது அடிப்படையில் நோயாளிக்கான பாதுகாப்பு. இதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். பரீட்சையே அநியாயம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் பரீட்சை எப்போது கடினமாகிறது, எப்போது இளகுகிறது என்பதுதான் என் கேள்வி.

நம் பக்கத்து நிலவரம்

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-இலேயே நர்ஸ் பயிற்சி தொடங்கிவிட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் நர்சிங் பள்ளியை ஆரம்பித்தார். 1946-இல் அங்கேயே நர்சிங் பட்டப்படிப்பு வந்தது. டெல்லியிலும் அதே வருடம்தான். இந்தியாவின் முதல் நர்சிங் பட்டப்படிப்புகள் இவை இரண்டும்தான்.

அதே 1946-இல் வந்த போர் கமிட்டி அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் சுமார் 7,000 நர்ஸ்கள். அதாவது 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்! அடுத்த வருடமே இந்திய செவிலியர் கவுன்சில் சட்டம் (1947) நிறைவேறியது. நாடு முழுக்கப் பாடத்திட்டத்தின் தரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் பெயரைப் பதியும் வேலை மாநில கவுன்சில்களிடமே இருந்தது. புளியரையில் நாம் பார்த்த சிக்கல் இங்கிருந்துதான் வருகிறது. 2023-இல் தேசிய செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. தேசிய அளவில் ஒரு பதிவேடு என்பது அதில் சொல்லப்பட்ட விஷயங்களில் ஒன்று.

போனவர்கள் என்ன ஆனார்கள்?

பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலையில் தொடங்கியது. ஆள் போதவில்லை. அயர்லாந்து, கரீபியன் தீவுகள், இந்தியா என்று பல இடங்களிலிருந்து பெண்களை வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே பதிவேட்டில் இரண்டு படிகள் இருந்தன. மூன்று வருடம் படித்தால் மேல்படி. இரண்டு வருடம் படித்தால் கீழ்ப்படி. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் பலரைக் கீழ்ப்படிப் படிப்பில் சேர்த்துவிட்டார்கள். வித்தியாசம் என்னவென்றே பலருக்கு அப்போது தெரியாது. படித்து முடித்து ஊர் திரும்பலாம் என்று பார்த்தால், பல நாடுகளில் அந்தக் கீழ்ப்படிச் சான்றிதழ் செல்லுபடியாகவில்லை. அங்கே உயர முடியவில்லை, இங்கே திரும்பவும் முடியவில்லை. என்ன கொடுமை பாருங்கள்...

அமெரிக்கா 1965-இல் குடியேற்றச் சட்டத்தை மாற்றியதும் ஆசிய நர்ஸ்களுக்கு வழி திறந்தது. ஆனால் அங்கே போய் இறங்கிய பிறகு உரிமத் தேர்வில் ஏராளமானோர் தோற்றார்கள். நர்ஸாகப் படித்தவர்கள் உதவியாளர் சம்பளத்துக்கு நர்ஸ் வேலையைச் செய்தார்கள். இதைத் தவிர்க்க 1977-இல் சிஜிஎஃப்என்எஸ் என்ற அமைப்பு வந்தது. ஊரிலேயே ஒரு முன்தேர்வு எழுதித் தேறிவிட்டு விமானம் ஏறலாம். இது நிஜமாகவே நர்ஸ்களுக்கு உதவிய மாற்றம். உரிமத் தேர்வான என்க்ளெக்ஸை அமெரிக்க மண்ணுக்கு வெளியே எழுதும் வசதி 2005-இல் வந்தது. அடுத்த வருடம் இந்தியாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் ஒன்று: என்க்ளெக்ஸ் தேறினால் உரிமத்துக்குத்தான் வழி. விசா வேறு வாசல், வேறு வரிசை. தேறிவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

ஜெர்மனி கதை இன்னும் அழுத்தமானது. 1960-களில் அங்கே மருத்துவமனைகளில் ஆள் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை வழியாகக் கேரளத்து இளம்பெண்கள் நிறையப் பேர் போனார்கள். மொழி கற்று, பயிற்சி முடித்து, வருடக்கணக்கில் வேலை பார்த்தார்கள். 1970-களில் பொருளாதாரம் தடுமாறியதும், பத்தாண்டின் பிற்பகுதியில் பலருக்குத் தங்கும் அனுமதியை நீட்டிக்க மறுத்தார்கள். 2021 டிசம்பரில் அதே ஜெர்மனி கேரள அரசின் நோர்க்கா நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு நர்ஸ்களை மறுபடி அழைத்தது. அன்று திருப்பி அனுப்பப்பட்ட அம்மாக்களின் பேத்தி வயதுப் பெண்கள் இப்போது பி2 நிலை வரை ஜெர்மன் படிக்கிறார்கள்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

இப்போது பிரிட்டனின் சமீப வரலாறு. சும்மா தேதிகளை மட்டும் அடுக்குகிறேன்.

2000-களின் தொடக்கம்: ஆள் பற்றாக்குறை. இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் நர்ஸ்கள் போனார்கள். பிரிட்டிஷ் அரசின் உதவி பெற்ற ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ஒரிசா, மேற்கு வங்கம் ஆகிய நான்கு மாநிலங்களில் ஆள் எடுக்கக் கூடாது என்று அவர்களே விதி வைத்திருந்தார்கள். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை.

2006: பற்றாக்குறைத் தொழில் பட்டியலிலிருந்து சாதாரண நிலை நர்ஸ் வேலை நீக்கப்பட்டது.
2007: பதிவுக்கு வேண்டிய ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் 6.5-லிருந்து 7 ஆனது.
2014: மாதக்கணக்கில் நடந்த பயிற்சிக்கால முறை போய், கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும் வந்தன.
2015: நர்ஸ் வேலை மறுபடி பற்றாக்குறைப் பட்டியலில்.
2017: ஐஇஎல்டிஎஸ் இல்லாவிட்டால் ஓஇடி எழுதலாம் என்றார்கள்.
2018: எழுத்துப் பகுதியில் 6.5 போதும் என்றார்கள்.

விசா கொடுப்பது அரசாங்கம். பதிவு செய்வது என்எம்சி என்ற தனி அமைப்பு. ஒருவர் சொல்லி மற்றவர் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனிக் காரணம் இருக்கலாம். ஆனால் 2007-இல் நோயாளியின் பாதுகாப்புக்கு 7 கட்டாயம் என்றால், 2018-இல் எழுத்துக்கு 6.5 எப்படிப் போதுமானது? நோயாளியா மாறினார்? காலியிடம்தான் கூடியது.

இன்று அந்தப் பதிவேட்டில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஐந்தில் ஒருவருக்கும் மேல் வெளிநாட்டில் படித்தவர்கள். இந்தியாவும் பிலிப்பைன்ஸும்தான் முன்னணி. ஆனால் 2024-25-இல் வெளிநாட்டிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்கள் முந்தைய வருடத்தைவிடச் சுமார் 30 சதவீதம் குறைந்துவிட்டார்கள். வாசல் மறுபடி ஒடுங்குகிறது.

வளைகுடா: பரீட்சையைவிடக் கடன் பெரிது

வளைகுடா நாடுகளில் கஷ்டம் வேறு மாதிரி. அங்கே பரீட்சையைத் தாண்டிவிடலாம், ஏஜென்ட்டைத் தாண்டுவதுதான் பாடு. குவைத் வேலைக்கு ஒரு நர்ஸிடம் இருபது லட்சம் வரை வாங்கினார்கள் என்று புகார்கள் வெடித்த பிறகு, மத்திய அரசு 2015-இல் விதியை மாற்றியது. குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸாகப் போகிறவர்கள் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அந்த நிறுவனம் 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்.

அதற்கு முந்தைய வருடம், 2014-இல், இராக்கின் திக்ரித் நகர மருத்துவமனையில் 46 இந்திய நர்ஸ்கள் சிக்கிக்கொண்டார்கள். ஐஎஸ் தீவிரவாதிகள் அவர்களை மோசூலுக்குக் கொண்டுபோனார்கள். ஜூலை 5 அன்று அவர்கள் பத்திரமாகக் கொச்சி வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் கேரளத்தவர். தூத்துக்குடிப் பெண் ஒருவரும் அவர்களில் இருந்தார். குண்டு விழும் ஊரிலிருந்து கிளம்பவும் சிலர் தயங்கினார்கள் என்று அப்போது செய்தி வந்தது. காரணம், படிப்புக்கும் பயணத்துக்கும் வாங்கிய கடன். சம்பள பாக்கி வராமல் வெறுங்கையோடு ஊருக்குப் போய் என்ன செய்வது?

"அப்படி என்ன வெளிநாட்டு மோகம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2015-இல் தமிழக அரசு தேர்வு வைத்து ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸ்களின் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். தொகை பிறகு உயர்ந்தது. ஆனாலும் அரசு வேலையே இப்படி என்றால், சின்ன ஊர்த் தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குற்றாலத்து வளைவு

மெயின் அருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு இருக்கிறது. தண்ணீர் அந்த வளைவைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை. குறைந்தால் திறந்துவிடுவார்கள். சங்கரன்கோவிலிலிருந்து வேன் பிடித்து வந்தவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் யாரும் "ஏமாற்றுகிறார்கள்" என்று சொல்வதில்லை. ஏனென்றால் தண்ணீரும் கண்ணுக்குத் தெரிகிறது, வளைவும் கண்ணுக்குத் தெரிகிறது. தடை எதற்கு என்று எல்லோருக்கும் புரிகிறது.

நர்ஸ்களின் வாசலில் தொங்கும் பலகையில் "தரம்" என்று எழுதியிருக்கிறது. வாசலை அகலமாக்குவதும் ஒடுக்குவதும் பெரும்பாலும் அந்த நாட்டின் காலியிடங்களும் பட்ஜெட்டும். அந்த அளவு இங்கே கடன் வாங்கிப் படிக்கும் பெண்ணின் கண்ணுக்குத் தெரிவதில்லை. வாசல் மூடினால் தன்னிடம்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறாள். 6.5 வாங்கி "ஃபெயில்" ஆனவள், அதே 6.5-க்குப் பத்து வருடம் கழித்து இன்னொருத்தி தேறியதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்?

2010-இல் உலக சுகாதார நிறுவனம் வெளிநாட்டு நர்ஸ், டாக்டர் நியமனத்துக்கு ஒரு நடத்தை விதித்தொகுப்பு கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. என்னைக் கேட்டால் ஒரே ஒரு விதி கூடுதலாக வேண்டும். ஒருத்தி பதிவுக்கு விண்ணப்பித்த நாளில் என்ன தகுதி கேட்டார்களோ, அவள் முடிக்கும் வரை அதுவே செல்ல வேண்டும். பாதி ஆற்றில் பாலத்தை மாற்றக் கூடாது.

அதுவரை, நர்சிங் படிக்கும் தோழிகளுக்கு இரண்டு வார்த்தை. எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அவர்கள் கொடுக்கப்போவது பதிவேட்டின் எந்தப் படி என்று முதலில் கேளுங்கள். அந்தக் கால பிரிட்டன் சொல்லித்தரும் பாடம் அது. இரண்டாவது, பதிவு வேறு, விசா வேறு, வேலை வேறு. மூன்றையும் ஒரே கவரில் போட்டு "எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்று யாராவது சொன்னால், அந்தக் கவரைத் திறக்கும் முன் பணத்தை எடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டில், தெருவில் இப்படிப் போய் வந்த நர்ஸ் அக்காக்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எந்த வருடம் போனார்கள், எந்தப் பரீட்சை, எத்தனை தடவை என்று. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத வரலாறு அவர்களிடம்தான் இருக்கிறது.